நொடி இன்பமும் நெடுங் காத்திருப்பும்

காத்திருத்தல் மனித வாழ்வோடு உடன்பிறந்தது. விதைத்தவன் விளைவை நோக்கிக் காத்திருக்கின்றான். தாய் மகவை நோக்கிக் காத்திருக்கின்றாள். மாணாக்கன் பரீட்சைப் பெறுபேற்றை நோக்கிக் காத்திருக்கின்றான். பண்டைத் தமிழர் இவ்வுணர்வின் அருமையை நன்கு அறிந்திருந்தனர். அகப்பொருள் இலக்கணம் வகுத்தோர் முல்லைத் திணைக்கு இருத்தலையே உரிப்பொருளாகக் கூறினர். பிரிந்து சென்ற தலைவன் கார்காலத்தில் மீள்வான் எனத் தலைவி ஆற்றியிருத்தல் ஓர் ஒழுக்கமாகவே போற்றப்பட்டது. ஆயின், அங்கே காத்திருப்பின் பயன் பெரிது. இரண்டு நிமிடம் சுழன்று இறங்கும் ஓர் இராட்டினத்திற்காக இரண்டு மணி நேரம் வெயிலில் நிற்பவனுடைய காத்திருப்பு எத்தகையது? அஃது அறிவுடைமையா, அன்றிப் பொழுதை வீணே போக்குதலா? இவ்வினா சிறிதெனத் தோன்றினும், காலம், பணம், நீதி என்னும் மூன்றையும் தொடுதலால் ஆராயத்தக்கதேயாம்.

இது வன்னி மக்களுக்குப் புறம்பான வினாவுமன்று. பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் அமைந்த முரசுமோட்டை, இரணைமடுக் குளத்து நீரால் விளையும் வயல்களைச் சூழக்கொண்ட கமக்காரர் ஊர். அவ்வூர்ப் பிள்ளைகளுக்குப் பெருங்கூட்டம் என்றால் கோயிற்றிருவிழாவே முதலில் நினைவுக்கு வரும். அயலிலுள்ள புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கலும், முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலும் அத்தகையன. திருவிழாக் காலங்களிற் கச்சான் கடைகளுக்கும் வளையற் கடைகளுக்கும் அருகே இராட்டினம் நாட்டப்படுவதும், அதன் அடியிற் சிறுவர் கூட்டம் முண்டியடிப்பதும் நாடெங்கும் காணப்படும் காட்சி. பாடசாலைச் சுற்றுலா வேறொரு வாயில். கொழும்பு, முரசுமோட்டையிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவிலுள்ளது. தாயொருத்தி தன் பல நாட் கூலியிலிருந்து சிறுகச் சிறுக ஒதுக்கிப் பிள்ளையைச் சுற்றுலாவுக்கு அனுப்புகின்றாள். அந்த ஒரு பகற்பொழுதில் நான்கு மணி நேரம் வரிசையிலேயே கழியுமாயின், அவள் கொடுத்த பணத்திற்கும் பிள்ளை கொடுத்த காலத்திற்கும் தக்க ஈடு கிடைத்ததா என்பது ஆசிரியரும் பெற்றோரும் எண்ணவேண்டிய ஒன்றாகின்றது.

முதலில் இவ்விளையாட்டுக்களின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் தகும். உடலை மேலும் கீழும் முன்னும் பின்னும் வீசி அதனால் இன்புறுதல் தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் ஊசல் வரி இடம்பெறுகின்றது. மாணிக்கவாசகர் திருப்பொன்னூசல் பாடினார். பெண்பாற் பிள்ளைத்தமிழின் பருவங்களுள் ஊசலும் ஒன்று. சித்திரைப் புத்தாண்டில் மரக்கொம்பில் ஊஞ்சல் கட்டி ஆடும் வழக்கம் ஈழத்துத் தமிழ் ஊர்களில் நெடுங்காலம் நிலவியது. மேனாட்டில் இவ்வேட்கை வேறு வடிவம் பெற்றது. உருசிய நாட்டார் குளிர்காலத்தில் உயர்ந்த மரச் சட்டங்களின் மேற் பனிக்கட்டியைப் பரப்பி அதில் வழுக்கி விளையாடினர். பாய்ந்து இறங்கும் மலைத்தொடர்வண்டிக்குப் பிரெஞ்சு மொழியில் இன்றும் ‘உருசிய மலைகள்’ என்றே பெயர். 1884ஆம் ஆண்டு நியூயோர்க் நகரின் கோனி தீவில் லமார்க்கஸ் தொம்சன் என்பார் ஐந்து சதக் கட்டணத்தில் இத்தகைய வண்டியொன்றை ஓட்டினார். அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ ஆறு மைல் மட்டுமே. துவிச்சக்கர வண்டியினும் மெதுவானது. ஆயினும் மக்கள் திரண்டனர்.

சுவாமி விவேகானந்தர் உரையாற்றிய சர்வ சமய மகாசபை 1893ஆம் ஆண்டு சிக்காகோ நகரில் உலகக் கண்காட்சியை ஒட்டி நிகழ்ந்தமையை யாவரும் அறிவர். அதே கண்காட்சியிலேயே ஜோர்ஜ் பெரிஸ் என்னும் பொறியியலர் 264 அடி உயரமான மாபெரும் இராட்டினத்தை நிறுவினார். அதிற் பெட்டிகள் 36. ஒவ்வொன்றும் 60 பேரைக் கொள்ளும். இரு சுற்றுக்கள், ஏறத்தாழ இருபது நிமிடம், கட்டணம் அரை டொலர். இன்று சுழலும் மாபெரும் இராட்டினங்கள் பல அதன் வழிவந்தன எனலாம். பின்னர் 1955ஆம் ஆண்டு யூலை 17இல் வால்ட் டிஸ்னி கலிபோர்ணியாவில் டிஸ்னிலாந்தைத் திறந்தபொழுது, தனித்தனி விளையாட்டுக்கள் ஒரு கதைப்பொருளின் கீழ் ஒன்றுசேர்ந்த பூங்கா என்னும் முறை உலகெங்கும் பரவலாயிற்று. அத்திறப்பு நாளிலேயே கள்ளச் சீட்டுக்களோடு எதிர்பாராத கூட்டம் நுழைந்து பெரு நெரிசல் உண்டாயிற்று. பூங்காவும் வரிசையும் ஒரே நாளிற் பிறந்த இரட்டையர் என்று கூறினும் பொருந்தும். இந்தியாவில் 1984இல் டெல்லியில் அப்பு கர், 1995இற் சென்னைத் தாம்பரத்தையடுத்துக் கிஷ்கிந்தா, 2000இற் கொச்சியில் வீகாலாந்து (பின்னர் வொண்டர்லா) என இவை தொடர்ந்தன. இலங்கையில் அவிசாவளைப் பக்கத்தில் லெஷர் வேர்ல்ட் அமைந்தது.

இனி, இவ்வின்பம் ஏன் இத்துணைக் குறுகியது என்பது ஆராயற்பாலது. பூங்கா நடத்துவோரின் கருமித்தனமே காரணம் எனப் பலர் கருதுவர். அஃது ஓரளவே உண்மை. பெருங் காரணம் இயற்கை விதியிலுள்ளது. உயரத்திலிருந்து விழும் பொருள் கடக்கும் தூரம் காலத்தின் வர்க்கத்திற்கேற்ப வளரும் என்பது கலிலியோ கண்ட உண்மை. காற்றுத் தடையை நீக்கி நோக்கின், 30 மீற்றர் உயரத்திலிருந்து விழும் பொருள் நிலத்தை அடைய ஏறத்தாழ இரண்டரைச் செக்கனே எடுக்கும். அப்பொழுது அதன் வேகம் மணிக்கு 87 கிலோமீற்றர் அளவாகும். விழும் நேரத்தை ஐந்து செக்கனாக இரட்டிக்க விரும்பின், உயரத்தை நான்மடங்காக்கி 120 மீற்றர் வரை கட்டுதல் வேண்டும். ஆகவே, வயிறு குழைந்து நெஞ்சு எழும் அந்த நொடியை நீட்டித்தல் எந்தப் பொறியியலருக்கும் எளிதன்று.

உடலும் நீண்ட ஆட்டத்தை விரும்புவதில்லை. உட்செவியிலே மூன்று அரைவட்டக் கால்வாய்கள் உள்ளன. தலை சுழலும்பொழுது அவற்றிலுள்ள திரவம் பின்தங்கி நின்று சுழற்சியை மூளைக்கு உணர்த்துகின்றது. ஒரே வேகத்தில் நெடுநேரம் சுழலின் திரவமும் உடன்சுழலத் தொடங்கும். சுழலும் உணர்வு மங்கிவிடும். கண் கூறுவதும் செவி கூறுவதும் முரண்படின் குமட்டல் தோன்றும். ஆகவே, இருபது நிமிடம் தலைகீழாகச் சுழற்றும் பொறி இன்பம் தராது, நோயே தரும். குறுமை இவ்வின்பத்தின் குறையன்று, அதன் இயல்பு என்பது இதனாற் பெறப்படும்.

இன்பம் குறுகியதாயின் காத்திருப்பு ஏன் நெடியதாகின்றது? இதற்கு விடை கணக்கிலுள்ளது. எடுத்துக்காட்டாக, பன்னிரு கூடுகளையுடைய ஓர் ஊர் இராட்டினத்தைக் கொள்க. கூடொன்றுக்கு இருவராக 24 பேர் ஏறலாம். ஒவ்வொரு கூட்டையும் கீழே நிறுத்தி, இருப்போரை இறக்கிப் புதியோரை ஏற்றி, தடுப்புக் கம்பியைப் பூட்ட அரை நிமிடம் வேண்டும். பன்னிரு கூடுகளுக்கும் ஆறு நிமிடம். அதன்பின் நான்கு நிமிடம் சுழற்சி. ஆக, பத்து நிமிடத்திற்கு ஒரு முறை. மணிக்கு 144 பேர். முன்னே 288 பேர் நிற்பராயின் கடைசியில் வந்தவன் இரண்டு மணி நேரம் நிற்றல் வேண்டும். இங்கே கருதத்தக்கது யாதெனின், காலத்தின் பெரும்பகுதி சுழற்றுதலிற் செல்லவில்லை. ஏற்றி இறக்குதலிலேயே செல்கின்றது என்பதாம். ஏறுவதற்கு ஒரு பக்கமும் இறங்குவதற்கு மறு பக்கமும் வைத்து, பாதுகாப்புக்குக் குறைவு வராமல், அவ்வாறு நிமிடத்தை மூன்றாகக் குறைப்பின், அதே 288 பேரும் 84 நிமிடத்திற் சென்றுவிடுவர். சுழற்சியை ஒரு நொடியும் குறைக்காமலே காத்திருப்பில் 36 நிமிடம் மீதமாகின்றது.

2000ஆம் ஆண்டிற் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட இலண்டன் நகரத்துப் பெருஞ்சக்கரம் இவ்வுண்மையைத் தெளிவாக உணர்ந்து அமைக்கப்பட்டது. அதன் உயரம் 135 மீற்றர், கூடங்கள் 32, கூடமொன்றில் 25 பேர், ஒரு சுற்றுக்கு அரை மணி நேரம். அச்சக்கரம் மிக மெதுவாக ஊர்ந்து செல்வதால் மக்கள் ஏறவும் இறங்கவும் அதனைப் பெரும்பாலும் நிறுத்தவேண்டியதில்லை. சுற்றுக்கு 800 பேராக மணிக்கு 1600 பேரை ஏற்றத்தக்கது. மெதுவாகச் சுழலும் சக்கரம் விரைவாகச் சுழலும் சக்கரத்தினும் மிகுதியானோரை ஏற்றுகின்றது என்பது முதலில் வியப்பளிப்பினும், கணக்கின்படி அஃது இயல்பேயாகும்.

வரிசைகளைப் பற்றி ஆராயும் கணிதப் பிரிவொன்றும் உண்டு. டென்மார்க்கு நாட்டுக் கொப்பன்ஹேகன் நகரத் தொலைபேசி நிறுவனத்திற் பணியாற்றிய ஏர்லாங் என்னும் கணிதர் 1909ஆம் ஆண்டு இத்துறைக்கு அடிகோலினார். இணைப்புக் கேட்போர் எத்தனை பேர், தொடுப்புக் கம்பிகள் எத்தனை வேண்டும் என்பதே அவர் முன்நின்ற வினா. அவர் வழிவந்தோர் கண்ட முடிபுகளுள் ஒன்று பொதுமக்களும் அறியவேண்டியது. ஒழுங்கின்றி வருவோர்க்கு ஒருவர் பின் ஒருவராகப் பணிசெய்யும் எளிய அமைப்பொன்றில், அவ்வமைப்பின் ஆற்றலிற் பாதி மட்டும் பயன்படுமாயின், ஒருவன் சராசரியாக ஒருவர்க்குரிய பணிநேர அளவே காத்திருப்பான். ஆற்றலின் 80 வீதம் பயன்படின் நான்கு மடங்கும், 90 வீதமாயின் ஒன்பது மடங்கும், 95 வீதமாயின் பத்தொன்பது மடங்கும் காத்திருத்தல் நேரும். கூட்டம் சிறிது கூடின் வரிசை பெரிது நீள்கின்றது. விடுமுறை நாளிற் பூங்காவுக்குச் செல்வோனும், பூசை முடிந்தவுடன் இராட்டினத்தடிக்கு ஓடுவோனும் இதனாலேயே துன்புறுகின்றனர். ஒரு மணி நேரம் முந்திச் செல்வதால் வரும் நன்மையும் இதனாலேயே பெரிதாகின்றது. 1961இல் ஜோன் லிற்றில் என்னும் அமெரிக்க அறிஞர், நிற்போர் தொகை வருவோர் வீதத்தைக் காத்திருக்கும் நேரத்தாற் பெருக்கியதற்குச் சமம் என்னும் எளிய உண்மைக்கு நிறுவல் தந்தார். முன்னே நிற்போரை எண்ணி, பத்து நிமிடத்தில் எத்தனை பேர் ஏறுகின்றனர் என்பதையும் எண்ணினால், எட்டாம் வகுப்பு மாணாக்கனும் தன் முறை வரும் வேளையைக் கூறிவிடலாம்.

காரணம் விளங்கியபின் மதிப்பீட்டிற்கு வருதல் எளிது. காத்திருக்கும் நிமிடங்களையும் களிக்கும் நிமிடங்களையும் தராசின் இரு தட்டுக்களில் இட்டு நோக்குவோர் இவ்விளையாட்டை அறவே பழிப்பர். 2019ஆம் ஆண்டு யூன் மாதத்தில், அமெரிக்காவின் ஒர்லாண்டோ நகரத்துப் பூங்காவொன்றில், ஹரி பொட்டர் கதையைத் தழுவிய புதிய வண்டியொன்று திறக்கப்பட்ட நாளில், காத்திருக்கும் நேரம் பத்து மணி என அறிவிக்கப்பட்டது. வண்டி ஓடும் நேரமோ சில நிமிடங்களே. இத்தராசின்படி அங்கு நின்றோர் யாவரும் பேதையர் ஆவர்.

ஆனால், நிமிடத்திற்கு நிமிடம் என நிறுத்தல் முறையான அளவையன்று. அவ்வாறாயின், நான்கு மாதம் வயலிற் பாடுபட்டு ஒரு வேளைப் புதிரை உண்டு மகிழும் கமக்காரனும் பேதையனே. பல ஆண்டு பயின்று ஒரு மாலை அரங்கேறும் மாணவியும் பேதையே. மனித மனம் இன்பத்தை நேரத்தால் அளப்பதில்லை என்பதற்குப் பரிசோதனைச் சான்றும் உண்டு. பின்னாளிற் பொருளியலுக்கான நொபெல் பரிசு பெற்ற டானியல் கானிமன் என்னும் உளவியலாளரும் அவர்தம் உடனாய்வாளரும் 1993இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். முதலில், குளிர்ந்த நீரில் 60 செக்கன் கையை வைக்கச் செய்தனர். மறுமுறை, அதே குளிர்நீரில் 60 செக்கன் வைத்தபின், நீரைச் சற்றே வெதுவெதுப்பாக்கி மேலும் 30 செக்கன் வைக்கச் செய்தனர். எதனை மீண்டும் செய்ய விருப்பம் என வினவியபொழுது, பெரும்பாலோர் நீண்டதையே தெரிந்தனர். துன்பத்தின் மொத்த நேரத்தை நினைவு கணக்கிடுவதில்லை. அதன் உச்சத்தையும் முடிவையுமே பெரிதும் பற்றிக்கொள்கின்றது. வரிசையின் முடிவில் உச்ச இன்பம் அமைவதால், வீடு திரும்பும் பிள்ளையின் நினைவில் வரிசை தேய்ந்து இராட்டினம் மட்டும் ஓங்கி நிற்கின்றது.

இதனால் மட்டும் காத்திருப்பு நியாயமாகிவிடுமோ எனின், ஆகாது. மறந்துபோதல் வேறு, தக்கதாதல் வேறு. துன்பம் மறக்கப்படும் என்பதற்காக ஒருவனைத் துன்புறுத்தல் முறையாகாது. ஆகவே, நினைவை விடுத்து, காத்திருக்கும் அப்பொழுதின் தன்மையையே ஆராய்தல் வேண்டும். 1985ஆம் ஆண்டு டேவிட் மெய்ஸ்ரர் என்னும் அறிஞர் இதுபற்றி எழுதிய கட்டுரை பெரிதும் போற்றப்படுகின்றது. செயலின்றி நிற்கும் நேரம் செயலோடு நிற்கும் நேரத்தினும் நீண்டு தோன்றும். அளவு தெரியாத காத்திருப்பு அளவு தெரிந்த காத்திருப்பினும் நீண்டு தோன்றும். முறைகெட்ட காத்திருப்பு முறையான காத்திருப்பினும், தனித்து நிற்றல் கூடி நிற்றலினும் நீண்டு தோன்றும் என்பன அவர் கூறியவற்றுட் சில.

இவ்வுண்மைகளை வன்னி மக்கள் ஏட்டிற் படியாமலே அறிவர். வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலின்போது கடல் நீரில் விளக்கெரியும் அற்புதத்தைக் காணவும், அம்மனை வணங்கவும் வருவோர் அன்றிரவு முழுவதும் கோயில் வெளியிலேயே தங்குவர். பாய் விரித்து இருப்போர், பாற்செம்பு எடுப்போர், பொங்கற்பானை ஏற்றுவோர், நீண்டநாட் காணாத உறவினரைக் கண்டு அளவளாவுவோர் எனப் பலர். அவர்களை நோக்கி எத்தனை மணி நேரம் காத்திருந்தீர்கள் என வினவின், அவ்வினாவே அவர்க்கு விளங்காது. அவர்கள் காத்திருக்கவில்லை, திருவிழாவில் இருந்தார்கள். வழிபாட்டையும் விளையாட்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் ஈண்டுக் கருத்தன்று. காத்திருப்பு நிகழ்ச்சியின் ஒரு பகுதியாகிவிடின் அது சுமையாவதில்லை என்பதே கருத்து. புத்தாண்டு ஊஞ்சலிலும் இதுவே காணப்படும். ஒருத்தி ஆடும்பொழுது ஏனையோர் வெறுமனே நிற்பதில்லை. உந்துகின்றனர், பாடுகின்றனர், ஆட்டங்களை எண்ணி அடுத்தவளுக்கு முறை வந்தது என உரக்கக் கூறுகின்றனர். மேனாட்டுப் பூங்காவினர் பெரும்பொருள் செலவிட்டு வரிசை செல்லும் வழியெங்கும் சிற்பமும் ஒளியும் கதையும் அமைப்பது, அம்மரத்தடியில் இயல்பாக நிகழ்ந்ததைச் செயற்கையாக உண்டாக்குதற்கேயாம்.

இனி, நீதி பற்றிய பகுதிக்கு வருதல் வேண்டும். இஃதே இப்பொருளின் நடுநிலையம். டிஸ்னி பூங்காக்களில் 1999ஆம் ஆண்டு விரைவுச் சீட்டு முறையொன்று புகுத்தப்பட்டது. பூங்காவினுள் வந்தோர் எவரும் மேலதிகக் கட்டணமின்றி ஒரு வேளையைக் குறித்துச் சீட்டுப் பெற்று, அவ்வேளை வரும்வரை பிற இடங்களைப் பார்த்துவரலாம். அமெரிக்கப் பூங்காக்களில் 2021இல் அவ்விலவச முறை நீங்கி, பணம் கொடுத்துப் பெறும் முறை அதன் இடத்தைக் கொண்டது. இந்தியப் பூங்காக்களிலும் கூடுதற் பணம் கொடுத்தோர் முந்திச் செல்லும் சீட்டுக்கள் விற்கப்பட்டு வந்துள்ளன. பணமுடையோன் தன் காலத்தை மீட்டுக்கொள்வதில் என்ன தவறு எனக் கேட்போர் உண்டு. முற்கூறிய ஊர் இராட்டினத்தின் கணக்கே இதற்கு விடையாகும். மணிக்கு 144 இருக்கைகளிற் பாதியை விரைவுச் சீட்டினர்க்கு ஒதுக்கின், பொது வரிசைக்கு எஞ்சுவன 72. அவ்வரிசையில் 288 பேர் நிற்பராயின் இரண்டு மணி நேரம் நான்கு மணி நேரமாகும். விரைவுச் சீட்டு ஒரு நொடியையும் படைப்பதில்லை. ஒருவன் கையிலிருந்த காலத்தை எடுத்து மற்றொருவன் கையிற் கொடுக்கின்றது. விற்பவனுக்கு விலை கிடைக்கின்றது. வாங்குபவனுக்கு நேரம் கிடைக்கின்றது. இழப்பவன் மட்டும் அப்பேரத்தில் இடம்பெறவே இல்லை.

இதன் கொடுமையை இரணைமடுக் கமக்காரர்க்கு விளக்கவேண்டியதில்லை. சிறுபோகத்தில் நீர் குறைவு. ஆதலின் கூட்டம் கூடிப் பங்கும் முறையும் வகுத்து நீர் விடப்படும். வாய்க்காலின் தலைப்பிலுள்ளோன் தன் முறைக்கு மேலாக நீரைத் திருப்பின் கடைசி வயல் வெடிக்கும். கடைசி வயற்காரன் நீர் குறைவு என்பதற்காக எவரையும் நோவதில்லை. மழை பொய்த்தால் அஃது எல்லோர்க்கும் பொது. முறை தவறியது என்பதற்காகவே அவன் நெஞ்சு கொதிக்கின்றது. வரிசையும் அத்தகைய ஒரு வாய்க்காலே. அதில் ஓடுவது காலம். அக்காலத்தின் பங்கீட்டு விதி முன்வந்தோன் முன்செல்க என்பது. செல்வனும் வறியனும் ஒரே அளவாகப் பெற்றிருக்கும் பொருள் ஒரு நாளின் 24 மணி நேரம் ஒன்றே. அதனையும் விலைகூறும் இடத்தில், சிறுவன் கற்கும் பாடம் நல்ல பாடமாகாது.

வரிசை என்னும் சொல் வன்னியில் வேறொரு பொருளையும் சுமந்து நிற்கின்றது. 1990களிற் பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்திற்கும் சங்கக்கடை வாயிலில் நின்றோர் இன்றும் உளர். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் மூட்டை முடிச்சுக்களோடு நின்றோர் உளர். 2009இல் இடம்பெயர்ந்து செட்டிகுளத்து முகாம்களிற் குடிநீருக்கும் உணவுக்கும் நின்றோர் உளர். 2022ஆம் ஆண்டிலோ நாடு முழுவதுமே எரிபொருளுக்காக வீதியோரங்களில் நின்றது; வரிசையிலேயே உயிர்நீத்த முதியோரும் உளர். அவ்வாண்டு யூலை, ஓகத்து மாதங்களில் எரிபொருள் அனுமதி அட்டை முறை வந்து, ஒவ்வொரு வாகனத்திற்கும் வாரப் பங்கு வகுக்கப்பட்ட பின்னரே அவ்வரிசைகள் சுருங்கின. கிடைத்த எரிபொருள் ஒரு நாளிற் பெருகிவிடவில்லை. எவனுக்கு எவ்வளவு என்பது தெளிந்தமையால், இயன்ற அளவு நிரப்பிவைக்கும் பதற்றம் தணிந்தது. முறை தெரிந்தால் நெரிசல் குறையும் என்பதற்கு அண்மைக்காலத்தில் இதனினும் சிறந்த சான்று இல்லை.

இத்தகைய வரிசைகளில் நின்ற முதியோர், விளையாட்டிற்காக வரிசையில் நிற்கும் பேரப்பிள்ளைகளைக் கண்டு வியப்பதும், சிலவேளை வெறுப்பதும் இயல்பே. ஆயின், இரண்டிற்கும் உள்ள வேற்றுமை பெரிது. முன்னையது நிர்ப்பந்தம், விலகினாற் பட்டினி. பின்னையது விருப்பம், விலகினால் ஒரு சிறு ஏமாற்றம். எவ்வேளையிலும் விலகிச் செல்லலாம் என்னும் உரிமை உள்ளவனே உண்மையில் விரும்பி நிற்பவன். உச்சியில் ஏறி ஒரு கணம் அஞ்சி, அந்த அச்சம் தீங்கு செய்யாது என அறிந்து, சிரித்துக்கொண்டு இறங்குதல் பிள்ளைகளுக்கு ஒரு சிறு வெற்றி. தீங்கு செய்யும் அச்சங்களையே நெடுங்காலம் கண்ட நிலத்தில், விளையாட்டாக அஞ்சுதற்கு ஓர் இடம் உண்டாதல் இகழத்தக்கதன்று.

மேற்கூறியவற்றால் ஒரு முடிவுக்கு வரலாம். நெடுங் காத்திருப்பு நியாயமாதற்கு நான்கு இயல்புகள் வேண்டும். அது விரும்பி ஏற்றதாதல் வேண்டும். அதன் அளவு முன்னரே தெரிந்திருத்தல் வேண்டும். அதில் முறை பிறழாதிருத்தல் வேண்டும். அது கூடிக் கழிப்பதாகவேனும் செயலோடு கழிப்பதாகவேனும் அமைதல் வேண்டும். இந்நான்கும் அமைந்தவிடத்து இரண்டு நிமிடத்திற்கு ஒரு மணி நேரமும் மிகையாகாது. இவை அமையாதவிடத்துப் பத்து நிமிடமும் மிகையே. ஆகவே, இராட்டினத்தின் உயரத்தையும் வேகத்தையும் பொறுத்ததன்று இவ்வினாவின் விடை. வரிசையின் தன்மையைப் பொறுத்ததாகும்.

சுற்றுலாவை நடத்தும் ஆசிரியர்க்கு இதனாற் சில கடமைகள் பெறப்படும். விடுமுறை நாட்களைத் தவிர்த்து, வாயில் திறக்கும் வேளைக்கே சென்று சேரத்தக்கவாறு பயணத்தை வகுத்தல் நன்று. எல்லாவற்றிலும் ஏறிவிடவேண்டும் என்னும் பேராசையை விடுத்து, எவற்றிற்குக் காத்திருப்பது என மாணாக்கரோடு முன்னரே கலந்து முடிவுசெய்தல் வேண்டும். பல பொறிகளில் உயர வரம்பு உண்டு. இரண்டு மணி நேரம் நின்றபின் அளவுகோலின் கீழ் நிறுத்தித் திருப்பி அனுப்பப்படும் சிறுவனின் துயரம், முன்கூட்டிக் கேட்டறிந்தால் நேராது. ஏற அஞ்சும் பிள்ளையைக் கேலி செய்து ஏற்றுதல் ஆகாது. வரிசையில் நிற்கும் நேரத்தைக் கணக்குப் பாடமாக்கலாம். கதைக்கும் விடுகதைக்கும் ஆக்கலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, இடையில் நுழைதல் இழிவு என்பதை ஆசிரியர் தம் நடத்தையாற் காட்டுதல் வேண்டும். ஆசிரியர் என்ற உரிமையால் தம் மாணாக்கரை முன்னே தள்ளிவிடுபவர், அன்று அவர்களுக்கு ஒரு மணி நேரத்தைப் பெற்றுக் கொடுக்கின்றார். ஆயின், முறை என்னும் அரும்பொருளை அவர்களிடமிருந்து பறித்துவிடுகின்றார்.

முல்லைத் தலைவியின் இருத்தல் சிறப்புற்றது அவள் நெடுநாள் இருந்தமையாலன்று. வருவான் என்னும் உறுதியோடும், தானே விரும்பியும் இருந்தமையாலேயே ஆம். திருவிழா வெளியில் ஐம்பது ரூபாவைக் கையில் இறுகப் பற்றி, முன்னே நிற்கும் தலைகளை எண்ணிக்கொண்டிருக்கும் சிறுமிக்கும் அவ்வுறுதியே வேண்டும். அவளுக்கு முன் வந்தோர் முன்னே செல்வர். அவளுக்குப் பின் வந்தோர் பின்னே வருவர். அவள் முறை தவறாது வரும். அவ்வுறுதியைக் காக்கும் சமுதாயத்தில் வரிசை நீண்டிருப்பினும் குற்றமில்லை.